அல்லது அதையொத்த வேறொன்று

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த ஆவணம் கைக்கு வந்தாலும் தலைப்பைப் படிக்கும் முன்னர் அடியிலுள்ள சிறிய எழுத்தைப் படிப்பான். 2024 ஜூலை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில், கிளாஸ்கோ விமான நிலையத்தின் வாடகை வாகனக் கருமபீடத்தின் முன்னால் நின்றபோது அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை. சிறிய எழுத்தை நான் படித்தேதான் இருந்தேன். "அல்லது அதையொத்த வேறொரு வாகனம்" என்று அதில் இருந்தது. நிறம் வேறாக இருக்கலாம், ரொயோட்டாவுக்குப் பதில் ஃபோர்ட் வரலாம் என்று விளங்கிக்கொண்டேன். ஏழு பேர் அமரும் வாகனத்துக்கு ஐந்து பேர் அமரும் வாகனமும் 'ஒத்தது'தான் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் மனைவியும் கொழும்பிலிருந்து வந்தோம். மகள், மருமகன், ஏழு வயதிலும் மூன்று வயதிலுமாக இரண்டு பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து வந்தார்கள். ஐந்து வருடங்களின் பின்னர் ஆறு பேரும் ஒரே கூரையின் கீழ் எட்டு நாட்கள் இருப்பது என்று ஏற்பாடு. முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் மனைவிக்குப் படி ஏறுவதும் புகையிரதம் மாறுவதும் இயலாது. ஆகவே வாகனத்தில் ஊர் சுற்றுவது என்று மகள் தீர்மானித்தாள். கிளாஸ்கோவிலிருந்து லொக் லோமண்ட் ஏரிக்கரை வழியாகக் கிளென்கோ பள்ளத்தாக்கைக் கடந்து ஃபோர்ட் வில்லியம், அங்கிருந்து ஸ்கை தீவு. தங்குமிடங்கள் அனைத்துக்கும் பணம் கட்டியாயிற்று. முதல் நாள் இரவு போய்ச் சேராவிட்டால் கட்டிய பணம் திரும்பாது.

அந்தப் பயணத்துக்காக நானும் மனைவியும் கொழும்பில் ஒப்படைத்த காகிதங்களை எண்ணிப் பார்க்கிறேன். ஆறு மாத வங்கிக் கணக்கு விபரம், ஓய்வூதியக் கடிதம், வீட்டு உறுதி, மகளின் அழைப்புக் கடிதம், எந்த இரவு எந்த ஊரில் படுப்போம் என்ற பட்டியல், பத்து விரல்களின் அடையாளம். கனடியக் கடவுச்சீட்டுடைய மருமகன் குடும்பத்துக்கு அன்று இவை எதுவுமே தேவைப்படவில்லை. அது வேறு கதை. நான் சொல்ல வருவது, இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவன் தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று காட்டியே ஒரு நாட்டுக்குள் நுழைகிறான் என்பதைத்தான். 'சொன்ன திகதியில் திரும்புவேன், அல்லது அதையொத்த வேறொரு திகதியில்' என்று விசா விண்ணப்பத்தில் எழுதிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்.

மருமகன் மார்ச் மாதத்திலேயே வாகனத்தை முற்பதிவு செய்து முழுப்பணத்தையும் செலுத்தியிருந்தார். ஏழு இருக்கைகள், ஓட்டோமெற்றிக் கியர், பிள்ளைகளுக்கு இரண்டு ஆசனங்கள். பற்றுச்சீட்டில் 'எஸ்.வி.ஏ.ஆர்.' என்று நான்கு எழுத்துகள் இருந்தன. இது என்ன மந்திரம் என்று நான் தேடிப் படித்திருந்தேன். வாடகைக் கம்பனிகளே கூடித் தங்கள் வசதிக்காக உருவாக்கிக்கொண்ட குறியீடு இது. அக்ரிஸ் என்று அழைக்கிறார்கள். முதலெழுத்து வாகனத்தின் தரவரிசை, இரண்டாவது அதன் வகை, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் குளிரூட்டியும். மூன்றாமிடத்தில் 'ஏ' இருந்தால் ஓட்டோமெற்றிக், 'எம்' இருந்தால் கிளச் மிதித்து மாற்றும் மனுவல். 'ஒத்தது' என்றால் எதை ஒத்தது என்பதைச் சொல்வதற்கு அவர்கள் கையிலேயே இவ்வளவு துல்லியமான அளவுகோல் இருக்கிறது. வாடிக்கையாளன் முன்னால் நிற்கும்போதுதான் அந்த அளவுகோல் தொலைந்துபோகிறது.

கருமபீடத்தில் இருந்த இளைஞனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மிக மரியாதையான பிள்ளை. ஏழு இருக்கை வாகனம் ஒன்றும் இல்லை என்றான். முதல்நாள் திரும்ப வேண்டியது வரவில்லையாம். கைவசம் இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்றான். ஒன்று ஐந்து இருக்கையுள்ள ஓட்டோமெற்றிக் கார். மற்றது ஒன்பது இருக்கையுள்ள மனுவல் கியர் வான், டீசல். இரண்டாவதை அவன் 'இலவசத் தரமுயர்வு' என்று வர்ணித்தான். பிள்ளை ஆசனங்களில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பெரிய பிள்ளைக்குரிய, முதுகு இல்லாத வெறும் மேடை ஆசனம்.

மருமகன் கார் ஓடப் பழகியதே கனடாவில்தான். ஓட்டோமெற்றிக் தவிர வேறெதையும் தொட்டதில்லை, வீதியின் இடப்பக்கத்தில் ஓடியதுமில்லை. ஆறு பேரை ஐந்து ஆசனத்தில் ஏற்ற முடியாது. எங்களுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருடைய முகத்திலும் நாங்கள்தான் தாமதத்துக்குக் காரணம் என்ற பாவம். இதுவும் ஒரு தந்திரமோ என்று பிறகு எண்ணிக்கொண்டேன். தவறு செய்தவன் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறான், தவறிழைக்கப்பட்டவன் வரிசையை மறிக்கும் குற்றவாளியாகிறான்.

மருமகன் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்கள் ஓடுவியளோ?"

நான் கார் ஓடப் பழகியது எழுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில், என் சித்தப்பாவின் மொரிஸ் மைனரில். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அதே மொரிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடியவன் நான். காபரேற்றரில் சொட்டுப் பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, மூச்சு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வெண்புகையை விட்டுக்கொண்டு போவோம். அன்று யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்த எல்லோருமே அப்படித்தான் ஓடினார்கள். ஆகவே கிளச் எனக்குப் பிரச்சினையில்லை. ஆனால் எனக்கு எழுபது வயது. அந்தக் கம்பனியின் உச்ச வயதெல்லை எழுபத்தைந்து என்று இளைஞன் சொன்னபோது, இன்னும் ஐந்து வருடம் பிந்தியிருந்தால் இந்தக் குடும்பத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்தேன்.

என் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஆங்கிலமும் உண்டு. பிரித்தானியாவுக்கு வருகை தருபவர் தம் நாட்டு அனுமதிப்பத்திரத்துடன் 12 மாதங்கள் வரை ஓட்டலாம். போதாக்குறைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேசனில் சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுத்து வைத்திருந்தேன். நம்மவர்கள் எப்போதும் ஒரு காகிதம் கூடுதலாகக் கொண்டு திரிபவர்கள் அல்லவா. ஆனால் வைப்புப் பணத்தை மறித்து வைப்பதற்குரிய கடனட்டை முதன்மைச் சாரதியின் பெயரில் இருக்கவேண்டும் என்பது விதி. என் அட்டையின் எல்லை அதற்குப் போதாது. எனவே காகிதத்தில் முதன்மைச் சாரதி, கிளச் மிதிக்கத் தெரியாத என் மருமகன். வாகனத்தை ஓடப்போகும் நான் 'மேலதிக சாரதி'. அதற்கு நாளொன்றுக்கு 12 பவுண் வீதம் எட்டு நாட்களுக்கு 96 பவுண் கட்டணம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஓட்டோமெற்றிக் தருவதாகப் பணம் வாங்கியவர்கள் அதைத் தரவில்லை. அதனால் இன்னொரு சாரதி தேவைப்பட்டது. அந்தச் சாரதிக்கும் கட்டணத்தை எங்களிடமே அறவிட்டார்கள். வாக்குத் தவறியதிலும் வருமானம் பார்க்கும் வியாபாரத்தை என் தொழில் வாழ்க்கையில் அரசியலில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

பிள்ளை ஆசன விடயம் இதைவிடப் பாரதூரமானது. பிரித்தானியச் சட்டப்படி ஒரு பிள்ளை 12 வயதை அல்லது 135 சென்ரிமீற்றர் உயரத்தை, இரண்டில் எது முந்துகிறதோ அதை, எட்டும் வரை உரிய ஆசனத்தில் அமரவேண்டும். மீறினால் 500 பவுண் வரை தண்டம். தண்டம் யாருக்கு? சாரதிக்கு. ஆசனத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதைத் தராத கம்பனிக்கு அல்ல. எனக்கு. தண்டத்தை விடுங்கள், மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போகச் சொல்வதற்கு எந்த நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது? மகள் அசையமாட்டேன் என்று தரையிலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் எங்கிருந்தோ ஓர் ஆசனம் வந்தது, முன்னைய பிள்ளை சிந்திய பழரசக் கறையுடன். மனைவி கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள். அந்த ஆசனம் அங்கேயே எங்கோ இருந்திருக்கிறது. அசையாமல் இருந்தவளுக்குக் கிடைத்தது. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தால் கிடைத்திராது.

நண்பர் ஒருவர், லண்டனில் நெடுங்காலமாக இருப்பவர், இதைச் சொன்னபோது சிரித்தார். "இது இங்கே சர்வசாதாரணம். குறைந்த விலைக்குத் தருவதென்றால் அவர்கள் கூடுதலாகத்தான் பதிவு செய்வார்கள். பதிந்துவிட்டு வராமல் விடுகிறவர்களும் இருக்கிறார்களே" என்றார். இந்த நியாயத்தை அலட்சியம் செய்ய நான் விரும்பவில்லை. பணம் கட்டாமல் பதிந்துவிட்டு வராதவர்களால் கம்பனிகளுக்கு நட்டம் ஏற்படுவது உண்மை. கோவிட் காலத்தில் வாடகைக் கம்பனிகள் வாகனங்களை விற்றுத் தள்ளியதும், 2020 மே மாதத்தில் ஹேர்ட்ஸ் போன்ற ஒரு பெருநிறுவனமே அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதும் உண்மை. ஆனால் நாங்கள் முழுப்பணத்தையும் நான்கு மாதங்கள் முன்னரே கட்டியவர்கள். வராதவன் செய்த பிழைக்கு வந்தவனைத் தண்டிப்பது என்ன கணக்கு?

இதே நியாயத்தைத்தான் ஒரு காலத்தில் விமானக் கம்பனிகளும் சொல்லின. 1972 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர், உறுதி செய்யப்பட்ட பயணச்சீட்டுடன் வாஷிங்டன் விமான நிலையத்துக்குப் போனார். இடமில்லை என்று இறக்கிவிட்டார்கள். ஆசனங்களைவிடக் கூடுதலாகச் சீட்டு விற்றிருந்தது அலெகனி என்ற விமானக் கம்பனி. அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை, வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கூடுதலாக விற்பதை மறைத்ததற்காக வழக்குத் தொடர அவருக்கு உரிமை உண்டு என்று 1976 இல் தீர்ப்பாயிற்று. 1978 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சபை விதி கொண்டுவந்தது. விமானம் நிரம்பினால் முதலில் விரும்பி இறங்குவோர் யார் என்று கேள், அதற்கு விலை கொடு என்றது. ஐரோப்பாவில் 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி, பயணியை அவர் விருப்பத்துக்கு மாறாக ஏற்ற மறுத்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ நட்டஈடு என்று எழுதியே வைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவும் அதைக் கைவிடவில்லை. 220, 350, 520 பவுண் என்று தன் நாணயத்துக்கு மாற்றிக்கொண்டது.

இதனால் விமானக் கம்பனிகள் அழிந்துபோயினவா? ஐரோப்பாவின் மலிவு விலை விமானங்கள் கொழித்தது அதே ஒழுங்குவிதியின் கீழேதான். கூடுதலாக விற்பதற்கு ஒரு விலை வைத்தவுடன் அவர்களுக்கு எண்ணத் தெரிந்துவிட்டது.

அதே பயணி விமானத்திலிருந்து இறங்கி நூறு யார் நடந்து வாடகை வாகனக் கருமபீடத்துக்கு வந்ததும் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. அங்கே பதிவை மீறினால் இவ்வளவு என்று எழுதிய தொகை எதுவும் இல்லை. சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், வாடகைக்குத் தரும் பொருளும் வர்ணித்தபடி இருக்கவேண்டும் என்கிறது. அதே ஆண்டில் ஐந்து பெரிய வாடகைக் கம்பனிகள், பிரித்தானியப் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபையும் ஐரோப்பிய ஆணைக்குழுவும் நெருக்கியதன் பேரில், விலை, காப்புறுதி, எரிபொருள், சேதம் பற்றியெல்லாம் தெளிவாகச் சொல்வோம் என்று உறுதியளித்தன. தெளிவாகச் சொல்வது நல்லதுதான். 'உங்களுக்கு வாகனம் கிடைக்காமலும் போகலாம்' என்று மிகத் தெளிவாக எழுதிவிட்டால் பயணிக்கு என்ன பயன்? எட்டு நாள் விடுமுறையில் வந்தவன் எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்? அவன் ஏறமாட்டான் என்பதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எங்களுடைய நட்டம் எல்லாமாக இருநூறு பவுணுக்கு உட்பட்டது. வழக்காடுவதற்குச் சிறியது, விட்டுவிடுவதற்குப் பெரியது. இப்படியான நட்டங்களுக்குத்தான் தொகையை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் இரண்டு விடயங்களை அறிந்திருப்பது நல்லது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றை அந்நாட்டுக் கடனட்டையில் வாங்கினால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75 ஆம் பிரிவின்படி அட்டை தந்த வங்கியும் பொறுப்பாளி. இடையில் ஒரு தரகு இணையத்தளம் புகுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகக்கூடும். மலிவு என்று தரகரிடம் போவதற்கு முன் இதை யோசியுங்கள். மற்றது, விமானச் சீட்டையும் வாடகை வாகனத்தையும் ஒரே விற்பனையாளரிடம் ஒரே விலையில் வாங்கினால் அது 2018 ஆம் ஆண்டுப் பொதிப் பயண விதிகளின் கீழ் வரும். வாகனம் தவறினால் விற்றவரே பதில் சொல்லவேண்டும். தனித்தனியாக வாங்கிய எங்களுக்கு இந்தக் கதவும் திறக்கவில்லை.

இன்னுமொரு குரல் வரும் என்று எனக்குத் தெரியும், வந்தும் விட்டது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட இனத்தைச் சேர்ந்த பத்திரிகையாளன், வெளிநாட்டில் உல்லாசப் பயணத்துக்கு வான் மாறிவிட்டது என்று பத்தி எழுதுவதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் சோதனைச் சாவடிகளிலும் நிவாரண வரிசைகளிலும் நாங்கள் பொறுமையாக நின்றது வேறு வழியில்லாததால். துப்பாக்கிக்கு முன்னால் பழகிய பொறுமையை ஒரு வியாபாரிக்கு ஏன் இனாமாகக் கொடுக்கவேண்டும்? கருமபீடத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் 'பரவாயில்லை' என்பதுதான். சொன்னவுடனேயே எனக்கு என்மேல் கோபம் வந்தது. பெட்டியின் மேல் உட்கார்ந்த என் மகள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ரொறன்ரோவில் வளர்ந்தவள்.

யாழ்ப்பாணத்து வான்காரர் ஒருவரும் பொய் சொல்வதில்லை என்று நான் இங்கே பழம்பெருமை பேசவரவில்லை. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு கலியாணத்துக்கு ஒரே வானை ஒப்புக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய வீடு எங்கே என்றும் தெரியும். பிழைத்துவிட்டால் மச்சானின் வானையாவது இரவோடிரவாகப் பிடித்து அனுப்புவார், அதற்கு மேலதிகக் காசு கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த கலியாணத்துக்கு அவரை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

பயணம் தொடங்கியதா என்று கேட்பீர்கள். தொடங்கியது. காலை பத்தரைக்குப் புறப்படவேண்டியவர்கள் பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டோம். வாகனத் தரிப்பிடத்தை விட்டு வெளியேறிய முதலாவது சுற்றுவட்டத்திலேயே வான் இருமுறை நின்றது. பின்னாலிருந்து "தாத்தாவுக்கு ஓடத் தெரியாது" என்று சின்னவள் ஆங்கிலத்தில் அறிவித்தாள். மூன்றாவது சுற்றுவட்டத்தில் கால் பழைய கணக்கைக் கண்டுபிடித்துவிட்டது. எர்ஸ்கின் பாலத்தைக் கடந்து ஏ82 நெடுஞ்சாலையில் ஏறினோம். ராபெற் என்ற ஊருக்கு அப்பால் வீதி சுருங்கிவிடுகிறது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் எதிரே வரும் சுற்றுலாப் பேருந்து, அதற்கப்பால் ஏரி. ஏழு இருக்கை வாகனம் தாராளமாகப் போகும் பாதையில் அந்த அகன்ற வானைக் கொண்டுபோனபோது பாறையில் கண்ணாடி உரசிவிடுமோ என்று மருமகன் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்தபடியே வந்தார். உரசியிருந்தால் சேதம் எங்கள் கணக்கில்தான். கேட்காத வாகனத்தைத் தந்துவிட்டு அதன் அகலத்துக்கும் எங்களையே பிணை வைத்திருந்தார்கள்.

கிளென்கோவுக்குள் இறங்கியபோது மாலை வெயில் மலையில் இருந்தது. மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நுவரெலியாவுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள். ஸ்கொட்லாந்துத் துரைமார் எங்கள் மலையகத்தைப் பார்த்துத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியவர்கள். அகரபத்தனைப் பக்கத்தில் கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி என்று தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு அதுவும் 'அல்லது அதையொத்த வேறொன்று'தான் போலும் என்றேன். மருமகன் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

ஃபோர்ட் வில்லியத்தில் அன்றிரவே கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். மேலதிக சாரதிக் கட்டணம், நான்கு மணித்தியால இழப்பு, வராத ஆசனத்தின் வாடகை, எல்லாவற்றையும் பற்றுச்சீட்டின் நான்கு எழுத்துகளையும் மேற்கோள் காட்டி எழுதினேன். ஆறு வாரங்களின் பின் மருமகனுக்குப் பதில் வந்தது. ஓர் ஆசனத்தின் வாடகையைத் திருப்பித் தந்தார்கள். 96 பவுண் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்தி, அடுத்த பயணத்துக்குப் பத்து வீதக் கழிவுச் சீட்டு ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அதன் அடியில் சிறிய எழுத்தில், வாகனங்கள் கைவசம் இருப்பதைப் பொறுத்து மட்டுமே செல்லுபடியாகும் என்றிருந்தது.